தாராக்களுக்குப் பழைய அலுமாரி கூடாகுமா?

கேள்வி: கொழும்பு மட்டக்குளியில் எங்கள் பின்வளவில் நாலு தாராக்கள் (வாத்துகள்) நிற்கின்றன. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் குஞ்சாக வாங்கியவை, இப்போது பெரிதாகிவிட்டன. இரவில் கூடையால் மூடி வைக்கிறோம். வீட்டில் ஆறடி உயர மர அலுமாரி ஒன்று சும்மா கிடக்கிறது. அதைக் கூடாக மாற்றலாமா?

பதில்: மாற்றலாம், சகோதரி. ஆனால் அது நல்ல பலகையாக இருக்க வேண்டும். தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் ஒரு மழைக்கே ஊதிவிடும். பழைய பெயின்ட் பொரிந்து உதிர்கிறதா என்றும் பாருங்கள். தாரா கண்டதையெல்லாம் கொத்தும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்.

அலுமாரியை மல்லாக்கப் படுக்க வையுங்கள். தட்டுகளைக் கழற்றிவிட்டால், அலுமாரி மூன்றடி அகலம் என்றால், ஆறடி நீளத்துக்குப் பதினெட்டுச் சதுர அடி கிடைக்கும். ஒரு தாராவுக்கு இரவில் நாலு சதுர அடி போதும், ஆகவே உங்கள் நாலுக்கும் சரி. கதவு மேல்பக்கம் வருவதால் திறந்து கூட்டிப் பெருக்கச் சுகம். உட்புற உயரம் இரண்டடியாவது வேண்டும். குறைந்தால் சுற்றிவரப் பலகை அடித்து உயர்த்துங்கள். கோழி போல இவை கம்பில் ஏறித் தூங்காது, கொப்பு எதுவும் தேவையில்லை.

ஒரு பக்கத்தில் ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான வாசல் வெட்டுங்கள். சீமெந்துக் கல் மேல் கூட்டைத் தூக்கி வைத்து, குறுக்குச் சட்டம் அடித்த சாய்ந்த பலகை ஒன்றை வாசலில் போடுங்கள். தாராவின் கால் பலமற்றது, குதித்து இறங்கினால் நொண்டும். மேலே சாய்வாகத் தகரம், அதன்மேல் கிடுகு. வெறும் தகரம் கொழும்பு வெயிலில் உள்ளே அவித்துவிடும்.

குளிரைவிட ஈரமும் காற்றில்லாத புழுக்கமும்தான் இங்கே தாராவைக் கெடுப்பவை. எச்சம் தண்ணீராகவே போகும். மூடிய பெட்டிக்குள் அது அழுகி நெடியாகி மூச்சைப் பிடிக்கும். நீளப் பக்கங்கள் இரண்டிலும், தாராவின் தலைக்கு மேலே வரும் உயரத்தில், பலகையை வெட்டிக் கம்பிவலை அடியுங்கள். தரையில் உமியோ மரச்சீவலோ நாலு விரற்கடைக்குப் போடுங்கள். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் வேண்டவே வேண்டாம், நுரையீரலைத் தாக்கும். காலையில் மேல்கதவைத் திறந்ததும் குனிந்து மணந்து பாருங்கள். கண் எரிந்தால் அன்றே அடிப்படுக்கையை மாற்றுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை மழைக்காலத்தில் இதை அடிக்கடி செய்ய நேரும்.

இரவில் உள்ளே தண்ணீரும் வேண்டாம், தீனும் வேண்டாம். தீன் கிடந்தால் எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சலும் வரும். பகலில் மூக்கும் கண்ணும் அமிழ்கிற ஆழத்தில் வெளியே பேசினில் தண்ணீர் வையுங்கள். மாலையில் கொட்டித் தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். டெங்குக்கு இடம் கொடுக்கக் கூடாது, அக்கம்பக்கத்தவருக்கும் இது நல்லது.

களனி ஆற்றோரம் கபரகொய்யா (நீர் உடும்பு), மரநாய், கீரி எல்லாம் திரியும். அறுகோணக் கோழிவலையை நாய் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த தடித்த கம்பிவலையே வாங்குங்கள். கூட்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு அதே வலையை நிலத்தில் விரித்துக் கல் வைத்தால் தோண்டிக்கொண்டு வராது. வாசலுக்குக் கயிறு போதாது, கொண்டியும் பூட்டும் போடுங்கள். இருட்டுமுன் அடைத்து, காலை எட்டு மணிக்குப் பிறகு திறந்தால் முட்டையையும் உள்ளேயே இட்டிருக்கும்.

அப்புறம் ஒன்று. வால்மேல் சுருண்ட இறகு உள்ளது ஆண், குரலும் கரகரப்பாக இருக்கும். இரண்டு ஆண் இருந்தால் பெட்டைகளை விடாமல் ஏறி கழுத்து இறகைப் பிய்த்துவிடும். அப்படியானால் கூட்டின் நடுவே இப்போதே ஒரு தடுப்பு வைத்துவிடுங்கள், ஆண்களுக்கு வேறு வாசல் வெட்டுவதும் இப்போதுதான் சுலபம்.