படாடோபம்: கடிதமும் பதிலும்

வணக்கம்.
போன வாரம் ஒரு விழா மலரைப் பற்றி எழுதும்போது ‘படாடோபமான நடை’ என்று சொல்லியிருந்தீர்கள். கல்யாணத்தைப் படாடோபமாக நடத்தினார்கள் என்று கேட்டிருக்கிறேன். எழுத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? ஆடம்பரம் என்றே சொல்லியிருக்கலாமே? கடினமான சொற்கள் வந்தாலே படாடோபம்தானா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள வாசகிக்கு,

ஆடம்பரம் என்றுதான் அகராதியும் பொருள் சொல்லும். ஆனால் இந்தச் சொல்லுக்குள் ஒரு பாம்பு படுத்திருக்கிறது. வடமொழியில் ‘படா’ என்றால் பாம்பின் படம், ‘ஆடோபம்’ என்றால் புடைத்து விரிதல். பஞ்சதந்திரத்தில் ஒரு சுலோகம் உண்டு: விஷமில்லாத பாம்பும் படத்தைப் பெரிதாக விரிக்க வேண்டும், விஷம் இருக்கிறதோ இல்லையோ, விரிந்த படமே பயமுறுத்தும். மலையிறங்கி மேட்டுப்பாளையம் பக்கம் போய் வாய்க்காலில் ஒரு தண்ணீர்ப் பாம்பைச் சீண்டிப் பாருங்கள் (வேண்டாம், நான் சொல்வதை நம்பிவிடுங்கள்). கழுத்தைத் தட்டையாக்கிக்கொண்டு நல்ல பாம்பு மாதிரி நிற்கும். விஷம் கிடையாது.

ஆடம்பரமும் வடசொல்தான். அங்கே அது முரசுக்கும் முரசின் பேரொலிக்கும் பெயர். அந்த மலரில் எனக்கு உறுத்தியது சத்தம் அல்ல, மிரட்டல். அதனால்தான் படாடோபம் என்றேன்.

சரி, கடினச் சொல். உங்கள் ஊர்த் தோட்டங்களில் கவாத்து என்கிறார்கள். தேயிலைச் செடியையே பார்க்காதவருக்கு அது புரியாமல் போகலாம். ஆனாலும் செடியை வெட்டிவிடும் அந்த வேலைக்கு அங்கே புழங்கும் சொல் அதுதான், அதில் ஒரு பகட்டும் இல்லை. ‘கொழுந்து பறித்தார்கள்’ என்று முடிய வேண்டியதை ‘கொழுந்து பறிக்கும் பணியினை மேற்கொண்டனர்’ என்று எழுதும்போதுதான் கழுத்து தட்டையாகிறது. அந்த வரியில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா?

நானும் இதில் யோக்கியன் இல்லை. பள்ளி ஆண்டு மலருக்குக் குன்னூரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ‘வெண்பஞ்சு மேகங்கள் முத்தமிடும் எழில்மிகு மலையரசி’ என்று ஆரம்பித்தேன். அந்தப் பட்டம் ஊட்டிக்குரியது என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த சித்தி படித்துவிட்டு, “இது எந்த ஊருடா? நம்ம ஊர்ல அட்டை கடிக்குமே, அதைக் காணோம்?” என்றார்.

அட்டையைச் சேர்த்து மறுபடி எழுதிக் கொடுத்தேன். மலரில் வந்ததென்னவோ முதலில் எழுதியதுதான்.