ஆர்.சி. விமானம் நம்மை நோக்கி வரும்போது மட்டும் ஏன் எதிர்ப்பக்கம் ஓடுகிறது?

ஆர்.சி. விமானம் என்பது தரையில் நின்று ரேடியோ ரிமோட்டால் ஓட்டும் சிறு விமானம். சேலத்தில் தனியாகப் பழகுபவர்கள் பலரும் கேட்பது இதைத்தான். ரிமோட்டுக்குத் தெரிந்த இடது, வலது விமானத்தினுடையது, நம்முடையது அல்ல. ஏற்காடு மலையைப் பார்த்து விலகிப் போகும்வரை இரண்டும் ஒன்றுதான். மூக்கு நம் பக்கம் திரும்பியதும் மாறிவிடும். லாரிக்கு எதிரே நின்று "ரைட்ல ஒடி" என்றால் டிரைவர் நமக்கு இடப்பக்கம் ஒடிப்பாரே, அதே கதை.

எதிரே வரும்போது நம் பார்வையில் எந்தப் பக்க இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே ரிமோட்டில் உள்ள குச்சியைத் தள்ளுங்கள், இறக்கை நிமிர்ந்துவிடும். முதலில் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் பழகுங்கள், அதில் உடைந்தால் செலவில்லை. அப்புறம், காமலாபுரம் விமான நிலையப் பக்கம் மட்டும் வேண்டாம்.

ரிமோட் கோளாறு என்று நினைத்துப் பலர் அதில் இடது வலதை மாற்றிவிடும் ரிவர்ஸ் சுவிட்சைத் தட்டுகிறார்கள். தட்டினால் விலகிப் போகும்போது எதிர்ப்பக்கம் ஓடும்.