அஞ்சனக்கல்லும் பங்கு விற்பவர்களும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ரவூப் பக்கம் என் மாமாவின் டுரியான் தோட்டத்தில் ஓடைக்கரை சரிந்துவிட்டது. அங்கே வெள்ளைக் கல்லுக்குள் பளபளப்பான சாம்பல் நிற ஊசிகள் தெரிகின்றன. கல் நல்ல கனம். பார்த்த ஒருவர் 'இது ஆண்டிமனி, கிலோ கணக்கில் நானே எடுத்துக்கொள்கிறேன்' என்கிறார். நம்பலாமா?
– செந்தூல் வாசகர்

பதில்: கல்லை நம்பலாம், ஆளைப் பற்றி அப்புறம் பார்ப்போம். இடம் பொருந்துகிறது. மலேசியத் தீபகற்பத்தின் நடுவே ஓடும் தித்திவங்சா மலைக்கு மேற்கே கிந்தாவும் கோலாலம்பூரும் வெள்ளீயத்தால் வளர்ந்த ஊர்கள். மலையைத் தாண்டி பெந்தோங், ரவூப் வழியாகக் கிளந்தான் வரை நீளும் பட்டையில் கிடைப்பது தங்கம். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அங்கே இருந்த கடல் மூடிக்கொண்டு இரண்டு நிலத்துண்டுகள் மோதியதில் பாறை கண்டபடி உடைந்தது, அந்த வெடிப்புகளில் ஆழத்திலிருந்து சுடுநீர் ஏறியது. அந்த நீர் ஆற வெண்மையான குவார்ட்ஸ், அதாவது நம் ஊர்ப் பேச்சில் வெங்கச்சங்கல், படிந்து வெடிப்பை அடைத்தது. அதே நீரில் கரைந்து வந்த ஆண்டிமனி என்ற தனிமம் கடைசி வரை கரைந்தே இருக்கும். வெப்பம் 250 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்கத்தான் கந்தகத்தோடு சேர்ந்து ஸ்டிப்னைட் என்ற கனிமமாக, அதாவது நம் அஞ்சனக்கல்லாக, மிச்சமிருக்கும் இடுக்குகளில் ஊசி ஊசியாக உட்காரும். அதனால்தான் வெள்ளைக்குள் சாம்பல். ரவூப்புக்கு வடக்கே செலின்சிங் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய பஃபலோ ரீஃப் என்ற இடத்திலும் தங்கத்தோடு இதே கனிமம் குவார்ட்ஸ் நரம்புகளில், அதாவது வெடிப்பை அடைத்த பட்டைகளில், இருக்கிறது.

வீட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் நகத்தால் கீறிப் பாருங்கள், கோடு விழும். தாளில் தேய்த்தால் பென்சில் போலச் சாம்பல் தடம் விடும். ஊசிகள் நீளமாக, நீளவாக்கில் மெல்லிய கோடுகளோடு, சில லேசாக வளைந்தும் இருக்கும். உடைத்த இடத்தில் குட்டிக் குட்டிச் சதுரங்களாகத் தெரிந்தால் அது கலீனா, காரீயக் கனிமம், இதைவிட இன்னும் கனம். மெழுகுவர்த்தியில் காட்டினால் ஊசி உருகும் என்று யாராவது சொல்லுவார்கள். சுமார் 550 டிகிரியில் உருகக்கூடியது என்பது உண்மைதான், ஆனால் இந்த மாதிரிக் கல்லில் பெரும்பாலும் ஆர்சனிக் என்ற நஞ்சும் கூட இருக்கும், அந்தப் புகையை யார் சுவாசிப்பது? வேண்டாம். கல்லைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடவும் வேண்டாம்.

இன்னொன்று. நம் மழைக்கும் வெயிலுக்கும் ஸ்டிப்னைட் மேற்பரப்பில் அதிக நாள் தாங்காது, மஞ்சள் கலந்த வெள்ளைப் பொடியாகப் போய்விடும். உங்கள் கல் இன்னும் மினுங்குகிறது என்றால் கரை சரிந்து புதிதாக வெளிப்பட்டது என்று அர்த்தம். ஆகவே ஓடையில் மேலே நடந்து போகும்போது பளபளப்பைத் தேடாதீர்கள், அந்த மஞ்சள் பொடி பூத்த வெள்ளைக் கல்லைத் தேடுங்கள்.

கேள்வி: கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் நடந்த கூட்டத்தில், ஆண்டிமனிச் சுரங்கத்தில் பங்கு வாங்கச் சொன்னார்கள். 'கல்லில் 55 சதவீதம் ஆண்டிமனி', 'டிரில்லிங்கில் (பாறையில் துளையிட்டதில்) 3 மீட்டருக்கு 12 சதவீதம்' என்று திரையில் போட்டார்கள். விலையும் ஏறியிருக்கிறதாமே?
– பட்டர்வொர்த் வாசகி

பதில்: விலை ஏறியது நிஜம்தான் அம்மா. உற்பத்தியில் முதலிடத்தில் இருக்கும் சீனா 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதையே நிறுத்தியது, அந்தத் தடையை 2025 நவம்பரில் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. தீப்பிடிக்காத பிளாஸ்டிக், கார் பேட்டரி, துப்பாக்கித் தோட்டா எல்லாவற்றுக்கும் இது வேண்டும், அதனால் உலகமே தேடுகிறது. தேடுகிறவர்கள் கூடினால் கதை விடுகிறவர்களும் கூடுவார்கள்.

அந்த 55-ஐ முதலில் மறந்துவிடுங்கள். சுத்தமான ஸ்டிப்னைட்டிலேயே 71.7 சதவீதம் ஆண்டிமனி இருக்கிறது, நல்ல துண்டாகப் பொறுக்கி எடுத்தால் 55 என்ன, 65 கூட வரும். பொறுக்கிய கல் நரம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நரம்பு ஓரிடத்தில் அரை மீட்டர் தடித்து, பத்தடி தள்ளி விரல் அளவுக்கு இளைத்து, அப்புறம் காணாமலே போகும். ஸ்டிப்னைட்டும் அதற்குள் சீராகப் பரவியிருக்காது, பொட்டலம் பொட்டலமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, அந்த 3 மீட்டர். துளை நரம்பைக் குறுக்கே வெட்டியதா, நரம்போடு சேர்ந்தே சரிந்து இறங்கியதா? 10 டிகிரி கோணத்தில் வழுக்கிக்கொண்டு போயிருந்தால் 3 மீட்டர் என்பது உண்மையில் 52 சென்டிமீட்டர்தான். 'உண்மைத் தடிப்பு எவ்வளவு' என்று கேளுங்கள். பதிலுக்குப் பதில் தேநீர் வந்தால் எழுந்து வந்துவிடலாம். சரி, தடிப்பு 20 சென்டிமீட்டர், தரம், அதாவது கல்லில் ஆண்டிமனியின் பங்கு, 30 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஆளும் இயந்திரமும் நுழைய ஒன்றரை மீட்டர் அகலம் வெட்டினால் மீதி வெறும் பாறை, மொத்தத்தில் தரம் 4 சதவீதமாகிவிடும். அதுவும் மோசமில்லை, ஆனால் திரையில் போட்ட எண் அது இல்லை.

முறையாகத் தேடுகிறவர்கள் செய்வது இதுதான்: ஓடை மணலிலும் மேல்மண்ணிலும் ஆண்டிமனி, ஆர்சனிக், பாதரசம், தங்கம் நான்கையும் அளப்பார்கள், எண்கள் கூடும் இடத்தில் குறுக்கே பள்ளம் தோண்டி நரம்பைக் கண்ணால் பார்ப்பார்கள், பிறகுதான் துளை. துளைகள் நரம்பின் நீளத்திலும் ஆழத்திலும் வரிசையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு துளையைக் காட்டுகிறவருக்கு ஒரே ஒரு கேள்வி, பக்கத்துத் துளை எங்கே? துளைக்குள்ளிருந்து உருளையாக எடுக்கும் பாறைத் தண்டில் எத்தனை சதவீதம் கைக்கு வந்தது என்பதும் முக்கியம், ஏனென்றால் ஸ்டிப்னைட் மிருதுவானது, துளையிடும் தண்ணீரோடு சாம்பல் சேறாக ஓடிவிடும், அப்போது எந்த எண்ணையும் நம்ப முடியாது. உங்கள் பணத்தைப் பற்றி என் கருத்து: இவற்றைத் தாளில் காட்டாதவரை ஒரு வெள்ளியும் வேண்டாம்.

கேள்வி: அஞ்சனக்கல் என்பது இந்த ஆண்டிமனிக் கல்தானே, அரைத்துக் கண்ணுக்கு மை இடலாமா?
– ஆயர் ஈத்தாம் வாசகி

பதில்: இதுதான், ஆனால் இடாதீர்கள். இப்போது சுர்மா என்று விற்பதில் பலவும் கலீனா, அதாவது காரீயம். குழந்தைகளுக்கு நிச்சயம் கூடாது.

கேள்வி: தோட்டம் என் பெயரில், கிராண்ட் (நிலப் பட்டா) கையில். அதிலிருக்கும் தாதுவும் எனக்குத்தானே?
– சுங்கை பீசி வாசகர்

பதில்: இல்லை. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி மண்ணுக்கடியில் இருக்கும் கனிமம் மாநில அரசுக்குச் சொந்தம். தேடுவதற்கு ஒரு உரிமம், வெட்டுவதற்குத் தனிக் குத்தகை, இரண்டுமே மாநிலம் கொடுப்பது. செந்தூல்காரரின் மாமாவுக்கும் இதேதான்: கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்கிற ஆளுக்கு லோரியில் ஏற்றிவிட்டால், பிடிபடும்போது கேள்வி முதலில் வருவது தோட்டக்காரரிடம். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, கிடைத்த இடத்தைப் படம் பிடித்து, அந்த மாநிலத்தின் கனிம, புவியியல் துறை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.