ஓடையில் விழுந்த இலை விரைவாக மட்கினால் நல்லதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காலையில் சிங்கப்பூரின் பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் நடக்கும்போது காலாங் ஆற்றில் தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் மிதந்து வருவதைப் பார்க்கிறேன். புல்வெளிக்கும் செடிகளுக்கும் போடும் உரம் மழையில் கரைந்து ஆற்றில் கலந்தால் அந்த இலைகள் சீக்கிரம் மட்கிவிடும், ஆறும் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று தோழி ஒருவர் சொல்கிறார். அது சரியா?
– வாசகி, அங் மோ கியோ

பதில்: உரம் கலந்த நீரில் இலை விரைவாக மட்கும் என்று உங்கள் தோழி சொன்னது ஓரளவு வரை உண்மை. அதனால் ஆறு சுத்தமாகும் என்று அவர் கண்ட முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. விழுந்த இலையை நாம் குப்பையாகப் பார்த்துப் பழகிவிட்டோம். மரநிழல் மூடிய சிற்றோடையிலோ வெயில் போதாமல் பாசி அதிகம் வளராது. ஆகவே அங்கு வாழும் உயிர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கரையிலிருந்து விழும் இலையே அன்றாட உணவு.

இலை தண்ணீரில் விழுந்த முதல் ஓரிரு நாள்களில், கரையக்கூடிய சர்க்கரைப் பொருள்களும் தாது உப்புகளும் தேநீர்த் தூளிலிருந்து சாறு இறங்குவதுபோல வெளியேறிவிடுகின்றன. எஞ்சுவது நாரும் சக்கையும்தான். அந்தச் சக்கையில் நீர்வாழ் பூஞ்சைகள் குடியேறுகின்றன. ஓடை நுரையில் காணப்படும், நான்கு கைகளை விரித்தாற்போன்ற விந்தையான வித்துகள் இந்தப் பூஞ்சைகளுடையவை என்பதை 1942ஆம் ஆண்டில் விளக்கியவர் இங்கோல்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். நம் ஊர் ஈரச்சந்தையில் கிடைக்கும் தெம்பேயை நினைத்துக்கொண்டால் அடுத்து நடப்பது எளிதாகப் புரியும். வெள்ளைப் பூஞ்சை இழைகள் சோயா அவரையை ஊடுருவிப் பிணைப்பதுபோல, இந்தப் பூஞ்சைகளும் இலைக்குள் இழைவிட்டு அதை மென்மையாக்கிச் சத்தேற்றுகின்றன. அப்படிப் பக்குவப்பட்ட இலையைத்தான் பூச்சிக் குடம்பிகள், இறால்கள், நண்டுகள் போன்ற சிற்றுயிர்கள் கத்தரித்துத் தின்கின்றன. அவை சிதறவிடும் துணுக்குகளும் கழிவும் நீரோட்டத்தோடு சென்று கீழ்ப்பகுதியில் வாழும் உயிர்களுக்கு உணவாகின்றன.

இலையில் கரிமம் மிகுதி, நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவு. பூஞ்சைகள் இந்தப் பற்றாக்குறையைச் சுற்றியுள்ள நீரிலிருந்து ஈடுசெய்துகொள்கின்றன. எனவே சத்து மிகக் குறைந்த ஓடையில் சிறிதளவு நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடினால் பூஞ்சைகள் செழிக்கும், இலையும் வேகமாக மட்கும். உங்கள் தோழி சொல்வது இந்தக் கட்டம் வரை பொருந்தும்.

சத்து மேலும் மேலும் ஏறினால் நிலைமை திரும்பிவிடுகிறது. ஐரோப்பாவில் 100 ஓடைகளில் செய்யப்பட்டு 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. ஓக், ஆல்டர் மர இலைகளை இரண்டு வகை வலைப்பைகளில் இட்டு ஓடைகளில் வைத்தார்கள். பெரிய கண்ணுள்ள பைக்குள் சிற்றுயிர்கள் புகுந்து தின்ன முடியும். நுண்ணிய கண்ணுள்ள பைக்குள் நுண்ணுயிர்கள் மட்டுமே வேலை செய்ய முடியும். இந்த ஓடைகளின் சத்து அளவுகள் ஏறத்தாழ 1,000 மடங்கு வரை வேறுபட்டன. சத்து மிகக் குறைந்த ஓடைகளிலும் மிக அதிகமான ஓடைகளிலும் இலைகள் மெதுவாக மட்கின, இடைப்பட்டவற்றில்தான் வேகம் கூடியிருந்தது. மிகையான மாசு சேர்ந்த நீரில் உயிர்வளி குறைகிறது, சேறு படிகிறது, அம்மோனியா போன்ற நச்சும் பெரும்பாலும் உடன் வருகிறது. அவற்றைத் தாங்க முடியாத சிற்றுயிர்கள் மறைந்துபோகின்றன. பூஞ்சை பக்குவப்படுத்தி வைத்தாலும் தின்பதற்கு ஆள் இல்லாத பந்தியாகிவிடுகிறது அந்த ஓடை.

அந்த ஆய்வில் என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது வேறொன்று. வேகம் இரு முனைகளிலும் குறைவாக இருப்பதால், மாசே படாத காட்டோடையும் மிக மோசமாகக் கெட்ட ஓடையும் இலை மட்கும் கணக்கில் ஒன்றுபோலவே தெரியக்கூடும். ஆகவே வேகத்தை மட்டும் பார்த்து ஓர் ஓடை நலமாக இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதில் யார் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வேகம் கூடுவதும் நன்மை என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் வட கரோலினா மலைக்காட்டில் ஐந்து சிற்றோடைகளில் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் மிதமான அளவில் வேண்டுமென்றே சேர்த்துப் பார்த்தார்கள். 2015ஆம் ஆண்டில் வெளியான அந்த முடிவுகளின்படி, இலையாகவும் குச்சியாகவும் வந்துசேரும் கரிமம் ஓடையில் தங்கியிருக்கும் காலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இலையுதிர் காலத்தில் ஒரே மூச்சில் கொட்டும் இலைதான் அங்கு அடுத்த ஆண்டுவரை பல உயிர்களுக்கும் கைகொடுக்க வேண்டிய இருப்பு. ஆண்டு முழுவதற்கும் சேர்த்துவைத்த நெல் ஆறு மாதத்தில் தீர்ந்தால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: நம் நாட்டில் ஆண்டு முழுவதும் இலை உதிர்கிறது, வெப்பமும் அதிகம். அந்த ஆய்வுகள் இங்கு பொருந்துமா?
– வாசகர், ஈசூன்

பதில்: அப்படியே பொருத்திவிட முடியாது. வெதுவெதுப்பான நீரில் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக இருப்பதால், வெப்பமண்டல ஓடைகளில் இலையை மட்கச் செய்வதில் அவற்றின் பங்கு பெரும்பாலும் கூடுதல். இலையைக் கத்தரித்துத் தின்னும் பூச்சிக் குடம்பிகளோ குளிர்நாட்டு ஓடைகளைவிடப் பொதுவாகக் குறைவு, நண்டும் இறாலும் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. மரத்துக்கு மரம் வேறுபாடும் பெரிது. தூங்குமூஞ்சி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் சிற்றிலைகளில் நைட்ரஜன் அதிகம் என்பதால் அவை எளிதில் மட்கிவிடும். தடித்த தோல்போன்ற இலையுடைய காட்டு மரங்களின் இலைகள் நெடுநாள் கிடக்கும்.

உங்கள் வீட்டுக்கு அருகிலேயே இருக்கும் நீ சூன் சதுப்புநிலக் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள நீர் இயல்பாகவே அமிலத்தன்மையும் குறைந்த சத்தும் கொண்டது, அங்குள்ள உயிர்கள் அந்த ஏழ்மைக்குப் பழகியவை. இத்தகைய நீரில் சிறிதளவு உரம் கலந்தாலும் அது பெரிய மாற்றம். புக்கிட் தீமாவில் கண்டறியப்பட்டு 1986ஆம் ஆண்டில் அறிவியல் பெயர் சூட்டப்பட்ட சிங்கப்பூர் நன்னீர் நண்டு, உலகில் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. மிக அருகிவிட்ட உயிரினம் அது. கற்களுக்கும் மட்கும் இலைகளுக்கும் இடையில் வாழும் இந்த நண்டுக்கு, தெளிந்த சிற்றோடை கெட்டால் போவதற்கு இடமில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

நகர்ப்புறத்தில் நிலைமை வேறு. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. சாலையோரக் கால்வாயில் விழும் மழைநீர் இறுதியில் 17 நீர்த்தேக்கங்களில் ஏதேனும் ஒன்றைச் சென்றடையக்கூடும். கான்கிரீட் கால்வாயில் இலை தங்குவதற்குக் கல்லோ வேரோ இல்லை, தின்பதற்கு உயிர்களும் அரிது. இலை ஊறி இறக்கும் சாற்றிலுள்ள பாஸ்பரஸ் மட்டும் நேரே நீர்த்தேக்கத்துக்குப் போய்ப் பாசிக்கு உணவாகிறது. உரத்தைப் பற்றிக் கவலைப்படும் நாம், கால்வாயில் குவியும் இலைகளும் ஒருவகைச் சத்து மாசுதான் என்பதையும் கருத வேண்டும். காட்டோடையில் உணவாகும் அதே இலை கான்கிரீட்டில் தொல்லையாகிறது. 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாயாக இருந்த காலாங் ஆற்றின் ஒரு பகுதியை, பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் 2012ஆம் ஆண்டில் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றியதை நான் மனமார வரவேற்பது இதனால்தான். வளைவும் செடிப்புதரும் கல்லும் இருந்தால் இலை சற்று நின்று போகும்.

கேள்வி: உயர்நிலைப் பள்ளி மாணவனான என் மகன் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க விரும்புகிறான். வழி உண்டா?
– வாசகர், ஜூரோங்

பதில்: உண்டு. கால்வாயில் மட்டும் இறங்க வேண்டாம், மழை பெய்தால் நீர் நிமிடங்களில் உயர்ந்துவிடும். ஒரே மரத்தின் உதிர்ந்த இலைகளை நிழலில் நன்கு உலர்த்தி எடைபோட்டு, மழைநீர் நிரப்பிய மூன்று கண்ணாடிப் புட்டிகளில் சம அளவாக இடச் சொல்லுங்கள். பூஞ்சை வந்துசேர ஒவ்வொன்றிலும் பாதி மட்கிய ஈர இலை ஒன்றையும் போடலாம். முதலாவதில் உரம் வேண்டாம், இரண்டாவதில் செடி உரத்தில் ஒரு சிட்டிகை, மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி. மீன்தொட்டிக் காற்றுக்குழாயை மூன்றுக்கும் சமமாக இணைத்து, கொசு முட்டையிடாதபடி புட்டிகளின் வாயை நெருக்கமான துணியால் இறுகக் கட்டுவது கட்டாயம். ஆறு வாரம் கழித்து, பூஞ்சைக்காகப் போட்ட ஈர இலையை நீக்கிவிட்டு, மற்றவற்றை மெல்ல அலசி முன்போலவே உலர்த்தி மீண்டும் எடைபோட்டால், எந்தப் புட்டியில் எவ்வளவு மட்கியது என்பது தெரியும். இதில் சிற்றுயிர்கள் இல்லாததால், அவன் காண்பது நுண்ணுயிர்களின் வேலையை மட்டுமே என்பதை அறிக்கையில் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.