பெர்லினுக்கு மணியையும் கூட்டிட்டு போகணும், பர்சனல் லோன் போடலாமா சார்?

கேள்வி:

வணக்கம்ங்க சார். எனக்கு 31 வயசு, கோயமுத்தூர். ஒரு ஐடி கம்பெனில நாலு வருஷம் ஏழு மாசமா இருக்கேன், கைக்கு மாசம் 1,10,000 வருது. இப்ப பெர்லின்ல வேலை கிடைச்சிருக்குங்க, வருஷத்துக்கு 62,000 யூரோ, அக்டோபர் 1 ஜாயினிங். என்கிட்ட மணின்னு ஒரு நாட்டு நாய் இருக்கான், நாலு வயசு, 17 கிலோ, குட்டியா தெருவுல கிடந்தவன நான்தான் எடுத்து வளர்த்தேன். அவன விட்டுட்டு போக மனசே வரல. ஏஜென்ட் ஒருத்தர் எல்லாம் சேர்த்து 3,65,000 சொல்றார், இந்த மாசமே முழுசா கட்டணுமாம். கையில எஃப்டி 6,20,000 இருக்கு. அதை தொடாம 3 லட்சம் பர்சனல் லோன் போடலாமா, இல்ல பிஎஃப் எடுத்துடலாமா? மார்ச்ல ரேபிஸ் ஊசி போட்டாச்சு, சிப் இனிமே தான் வைக்கணும். அம்மா "என்கிட்டயே விட்டுட்டு போ, நாய்க்கு இவ்ளோ செலவா"ங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

பதில்:

வணக்கம்மா. முதல்ல மூணு விஷயத்துக்கு நேரா பதில் சொல்லிடறேன். லோன் வேண்டாம். பிஎஃப் மேல கை வைக்க வேண்டாம். மணிய தாராளமா கூட்டிட்டு போங்க, ஆனா அக்டோபர்ல இல்ல, பொங்கலுக்கு ஊருக்கு வந்து கூட்டிட்டு போங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா உங்க கேள்வில பணத்தை விட தேதி தான் பெரிய சிக்கல், அந்த ஏஜென்ட் அதை உங்ககிட்ட சொன்ன மாதிரியே தெரியல.

ஐரோப்பிய யூனியனுக்குள்ள இந்தியாவுல இருந்து நாய் போகணும்னா ஒரு வரிசை இருக்கு. முதல்ல மைக்ரோசிப், அதாவது நாயோட தோலுக்கு அடியில வைக்கற அடையாள நம்பர் சிப், அதுக்கு அப்புறம் ரேபிஸ் ஊசி, ஊசி போட்டு குறைஞ்சது 30 நாள் கழிச்சு ரத்தம் எடுத்து, அவங்க அங்கீகரிச்ச லேப்ல ஆன்டிபாடி டெஸ்ட், ரிசல்ட் 0.5 யூனிட்டோ அதுக்கு மேலயோ வரணும், ரத்தம் எடுத்த தேதில இருந்து முழுசா மூணு மாசம் போகணும், அப்புறம் தான் நாய் உள்ள நுழையலாம். சிப் வைக்கறதுக்கு முன்னாடி போட்ட ஊசி கணக்குலயே வராது. அதனால உங்க மார்ச் ஊசி இதுக்கு செல்லாதும்மா. சிப் வச்சு திரும்ப போடணும், எப்ப போடலாம்னு உங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்கங்க.

இப்ப காலண்டர எடுத்து பாருங்க. ஜூன் நடுவுல சிப்பும் ஊசியும், ஜூலை நடுவுல ரத்தம், அதுல இருந்து மூணு மாசம்னா அக்டோபர் நடு. நீங்க அக்டோபர் 1 அங்க இருக்கணும். எவ்ளோ பணம் கொடுத்தாலும் இந்த ரெண்டு வாரத்தை யாராலயும் வாங்கித்தர முடியாது. சரி நான் முன்னாடி போறேன், ஏஜென்ட் அப்புறமா அனுப்பட்டும்னு நினைப்பீங்க, அதுலயும் ஒரு ரூல் இருக்கு, ஓனர் பயணமும் நாயோட பயணமும் அஞ்சு நாளுக்குள்ள இருக்கணும், அதை தாண்டினா வியாபார இறக்குமதி கணக்குல போயிடும், பேப்பர் வேலையும் செலவும் வேற லெவல்.

அப்ப ரெண்டு வழி தான். ஒண்ணு, ஜாயினிங்க மூணு வாரம் தள்ளி கேக்கறது. யூரோவ ரவுண்டா 100 ரூபான்னு வச்சுக்கறேன். உங்க சம்பளத்துல வரி, இன்சூரன்ஸ் எல்லாம் போக கைக்கு மாசம் சுமாரா 3,200 யூரோ வரும், மூணு வாரம்னா 2,20,000 ரூபா போச்சு. இங்க நோட்டீஸ் பீரியடை அத்தனை நாள் நீட்டிக்க விட்டா ஒரு 75,000 திரும்ப வரும். அப்பவும் ஒண்ணே கால், ஒன்றரை லட்சம் நஷ்டம். ரெண்டாவது, நீங்க தேதிக்கு போயி சேர்ந்துட்டு பொங்கலுக்கு வந்து மணிய கூட்டிட்டு போறது, இதுக்கு போக வர டிக்கெட்டுக்கு நான் 70,000 ஒதுக்கறேன். பாதி செலவு. அம்மாவையும் ஒரு தடவ பார்த்த மாதிரி ஆச்சு.

நான் இதை சொல்றதுக்கு இன்னொரு பெரிய காரணம் இருக்கு, அது கௌத்சியோன், அதாவது வீட்டு அட்வான்ஸ். பெர்லின்ல வீடு எடுக்கும்போது சட்டப்படி மூணு மாச வாடகை வரைக்கும் டெபாசிட் கேக்கலாம். 900 யூரோ வாடகைன்னா 2,700 யூரோ, நம்ம கணக்குல 2,70,000. அதை மூணு தவணையா கட்ட வாடகைதாரருக்கு சட்டத்துல உரிமை இருக்கு, இது நிறைய பேருக்கு தெரியாது, நீங்க கேளுங்க. இதோட முதல் ரெண்டு மாசம் தற்காலிக ரூம், சாப்பாடு, முதல் சம்பளம் அக்டோபர் கடைசில தான் வரும். இப்பவே அந்த 3,65,000-த்த கட்டிட்டீங்கன்னா கையில 2,55,000 தான் மிச்சம், அந்நிய ஊர்ல போயி இறங்கற பொண்ணுக்கு அது பத்தவே பத்தாது, இதுல நாயும் கூட இருந்தா தற்காலிக ரூம் கிடைக்கறதே கஷ்டம். அதே நீங்க தனியா போயி நாய் வச்சுக்க ஓனர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கின வீடா பார்த்து செட்டில் ஆகிட்டு அப்புறம் மணிய கொண்டு வந்தா அவனுக்கும் நிம்மதி.

இப்ப அந்த கொட்டேஷன். நீங்க இணைச்சிருந்த பேப்பர்ல ஏர் ஃபிரைட் மட்டும் 1,78,000, 89 கிலோ, கிலோ 2,000 ரூபான்னு இருக்கு. 17 கிலோ நாய்க்கு 89 கிலோ எப்படின்னு நீங்க கேட்டிருக்கவே மாட்டீங்க. கார்கோல எடையை விட கூண்டு அடைக்கற இடத்துக்கு தான் காசு. கூண்டோட நீள அகல உயரத்த சென்டிமீட்டர்ல பெருக்கி 6,000-ஆல வகுக்கணும். அவர் போட்டிருக்கறது 102க்கு 69க்கு 76 கூண்டு, பெருக்கி வகுத்தா 89. அடுத்த சின்ன சைஸ் 91க்கு 64க்கு 69, அது 67 கிலோ தான் வரும். 22 கிலோ வித்தியாசம், 44,000 ரூபா! அதுக்காக கண்ண மூடிட்டு சின்ன கூண்டு வாங்கிடாதீங்க, மணி உள்ள தலை இடிக்காம நிக்கணும், சுத்தி திரும்பணும், காலை நீட்டி படுக்கணும், இல்லன்னா ஏர்போர்ட்ல ஏத்தவே மாட்டாங்க. டெய்லர் டேப் எடுத்து அவன நேரா நிக்க வச்சு அளங்க. மூக்கு நுனில இருந்து வால் ஆரம்பிக்கற இடம் வரைக்கும் ஒரு அளவு, தரைல இருந்து முன்னங்காலோட மேல் மூட்டு, அதாவது நம்ம முழங்கை மாதிரி நெஞ்ச ஒட்டி இருக்கற மூட்டு வரைக்கும் ஒரு அளவு, முதல் அளவோட ரெண்டாவதுல பாதிய கூட்டினா உள்பக்க நீளம். தோள்பட்டை அகலத்த ரெண்டால பெருக்கினா அகலம். உயரத்துக்கு தலை உச்சி வரைக்கும், நம்ம நாட்டு நாய்க்கு காது குத்திட்டு நிக்கும்ல, அப்ப காது நுனி வரைக்கும் அளக்கணும். அவன் 68, 32-ன்னு இருந்தான்னா 84 நீளம் போதும், சின்ன கூண்டே சரியா வரும்.

ஆனா நீங்களே கூட போறப்ப கார்கோவே தேவையில்லையே. சென்னைல இருந்து பிராங்க்பர்ட்டுக்கு லுஃப்தான்சா நேரா போகுது, பயணியோட நாய செக்கின் லக்கேஜ் மாதிரியே விமானத்தோட கீழ்ப்பகுதில, சூடு வச்ச அறையில ஏத்திக்கறாங்க. கேபின்ல பையோட சேர்த்து 8 கிலோ வரைக்கும் தான், அதனால மணிக்கு கீழ தான் இடம். டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி போன் போட்டு நாய்க்கு இடம் உறுதி பண்ணிக்கங்க, ஒரு விமானத்துல இத்தன தான்னு கணக்கு இருக்கும். லண்டன் போறவங்களுக்கு இந்த வழி கிடையாது, அங்க கார்கோ தான். பிராங்க்பர்ட்ல இறங்கினதும் பேப்பர் செக்கிங் முடிச்சுட்டு பெர்லினுக்கு ரயில்ல நாலு மணி நேரம், பெரிய நாய்க்கு பாதி டிக்கெட் மாதிரி எடுக்கணும், பிடிகயிறும் வாய்மூடியும் கட்டாயம்.

கணக்கு இப்படி வருது. உங்க கொட்டேஷன்ல இருக்கற லேப் செலவு 26,000, கூண்டு 14,000, சிப், ஊசி, சர்ட்டிபிகேட், கோவை டு சென்னை கார் எல்லாம் 15,000, ஏர்லைன் நாய் கட்டணத்துக்கு 50,000 ஒதுக்கி வைக்கறேன், உங்க டிக்கெட் 70,000. மொத்தம் 1,75,000. ஏஜென்ட் சொன்னதுல பாதிக்கும் கம்மி, அதுலயும் அக்டோபருக்கு முன்னாடி வெளிய போறது ஒரு 45,000 தான், அது உங்க ஜூன், ஜூலை சம்பளத்துலயே அடங்கிடும். மிச்சம் அங்க வாங்கற சம்பளத்துல, அங்க உள்ள அக்கவுண்ட்ல இருந்தே கட்டுங்க, நம்ம ஊர் கார்டுல வெளிநாட்டு மார்க்கப் 3.5 சதவீதம், அது மேல ஜிஎஸ்டின்னு போறதும் மிச்சம்.

லோன் ஏன் வேண்டாம்னா, 3 லட்சம், 14 சதவீதம், மூணு வருஷம்னா இஎம்ஐ 10,253, வட்டி மட்டும் 69,000 கிட்ட. எதுக்கும்மா? பிஎஃப்-ல உங்க சர்வீஸ் அஞ்சு வருஷம் முடியல, இப்ப எடுத்தா வரி பிடிப்பாங்க. அது அப்படியே கிடக்கட்டும்.

ஏஜென்ட் வேணவே வேணாம்னு நான் சொல்லல, பேப்பர் வேலைக்கு ஆள் வேணும்னா அதுக்கு மட்டும் பேசுங்க, வேலை முடிய முடிய தவணையா கொடுங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு குடும்பம் முழு பணத்தையும் முன்னாடியே கட்டிட்டாங்க, லேப் ரிப்போர்ட்ல சிப் நம்பர் 15 இலக்கத்துல ஒரே ஒரு இலக்கம் தப்பு, 6-க்கு பதிலா 8. கிளம்பறதுக்கு நாலு நாள் முன்னாடி தான் கண்ணுல பட்டுச்சு, திருத்தி வர்றதுக்குள்ள ரெண்டு டிக்கெட் பணமும் போச்சு, அந்த வீட்டு அம்மா என் முன்னாடி உக்காந்து அழுதத இன்னும் மறக்கல. அதனால சிப் வச்ச அன்னிக்கே ஸ்கேனர்ல வர்ற நம்பர போட்டோ எடுங்க, ஊசி புக்கு, ரத்த சாம்பிள் ஃபார்ம், லேப் ரிப்போர்ட், சர்ட்டிபிகேட் ஒவ்வொண்ணா கையில வாங்கறப்ப விரல் வச்சு இலக்கம் இலக்கமா படிங்க. கடைசி ஹெல்த் சர்ட்டிபிகேட் அரசாங்க டாக்டர் கையெழுத்தோட வரணும், சென்னைல பள்ளிக்கரணைல இருக்கற மத்திய அரசு விலங்கு தனிமைப்படுத்தல் ஆபீஸ்ல தான் அந்த வேலை, கொடுத்த தேதில இருந்து பத்து நாளுக்குள்ள நீங்க ஐரோப்பால நுழைஞ்சிருக்கணும். அதனால பொங்கல் லீவு நாள்ல ஆபீஸ் மூடியிருக்கும்ங்கறத மனசுல வச்சு டிக்கெட் தேதிய முடிவு பண்ணுங்க. டெஸ்ட் ஒரு தடவ பாஸ் ஆயிட்டா, அடுத்தடுத்த ரேபிஸ் ஊசிய கெடு தாண்டாம போட்டுட்டு வந்தா திரும்ப டெஸ்ட் தேவையில்ல, ஒரு நாள் தாண்டினாலும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

அங்க போன பிறகு வர்ற செலவையும் சொல்லிடறேன். பெர்லின்ல நாய்க்கு வருஷத்துக்கு 120 யூரோ வரி, அவன் யாரையாவது கடிச்சா, எதையாவது உடைச்சா ஈடு கட்டற இன்சூரன்ஸ் கட்டாயம், அது பெரிய தொகை இல்ல. ஆனா டாக்டர் ஃபீஸ் நம்ம ஊர் மாதிரி நினைக்காதீங்க, அங்க அரசாங்கம் நிர்ணயிச்ச ரேட், 2022 நவம்பர்ல ஏத்திட்டாங்க, ஒரு ஆபரேஷன்னா ஆயிரக்கணக்குல யூரோ போகும். மணி பேர்ல மாசம் 60 யூரோ தனி அக்கவுண்ட்ல போட்டுட்டு வாங்க. ஜனவரி குளிர்ல நம்ம நாட்டு நாய் முடி தாங்காது, ஒரு நல்ல கோட்டும் பட்ஜெட்ல சேருங்க.

அம்மா சொல்றத தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போன பிறகு பொங்கல் வரைக்கும் மூணரை மாசம் அவங்க தான் அவன பார்த்துக்கணும், மாசம் 6,000 மணி செலவுக்குன்னு அவங்க அக்கவுண்டுக்கு போட்டு விடுங்க. கூண்ட இப்பவே வாங்கி ஹால்ல வச்சுடுங்க, கதவ கழட்டிட்டு தினம் அவன் சாப்பாட்டு தட்ட அதுக்குள்ள வைக்க சொல்லுங்க, ஜனவரிக்குள்ள அது அவன் படுக்கையாவே ஆயிடும். மயக்க மருந்து கொடுத்து ஏத்தற யோசனை யாராவது சொன்னா கேக்காதீங்க, மேல போனப்ப மூச்சுக்கு ஆபத்து, ஏர்லைன்ஸும் ஒத்துக்க மாட்டாங்க.

இந்த சனிக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டு போயி சிப் வச்சுடுங்க, ஏஜென்டுக்கு இப்போதைக்கு ஒரு ரூபா கூட அனுப்பாதீங்க. ஜூலைல ரத்தம் எடுத்து ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க, அப்ப எஃப்டில எவ்ளோவ யூரோவா மாத்தி எடுத்துட்டு போறதுன்னு உக்காந்து கணக்கு போடலாம்.