குளித்த மறுநாளே தலை பிசுபிசுக்கிறது. சேலத்து உப்புத் தண்ணீரில் என்னதான் செய்வது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறீர்கள். தலைக்குக் குளித்த மறுநாள் மாலைக்குள் முன்நெற்றி முடி எண்ணெய் தடவியதுபோல் ஒட்டிக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்துக் குளித்தால் போதும் என்கிறார் அம்மா. அடிக்கடி ஷாம்பு போட்டால் தலை இன்னும் அதிகமாக எண்ணெய் சுரக்கும் என்கிறாள் அறைத்தோழி. இருவரில் யார் சொல்வது சரி?

உங்கள் தலையைப் பொறுத்தவரை இருவர் சொல்வதும் சரியில்லை. பிசுக்கு ஏறினால் கழுவுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவ வேண்டியிருந்தால் அப்படியே செய்யுங்கள். ஏப்ரல், மே வெயிலில் தினமும் கழுவினாலும் குற்றமில்லை. நான் கன்னங்குறிச்சிப் பக்கம் வசிப்பவள், பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். வயதுக்கு வந்த நாளிலிருந்து இப்படிப்பட்ட தலையோடுதான் காலம் தள்ளுகிறேன். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு, கொஞ்சம் படிப்பும் உண்டு.

முதலில் தோழியின் வாதத்தைப் பார்ப்போம். மயிர்க்கால்களை ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள். ஆண், பெண் இருவர் உடலிலும் அவை உண்டு. பருவ வயதில் முகப்பருவும் தலைப் பிசுக்கும் கைகோத்துக்கொண்டு வருவது இதனால்தான். இதில் பரம்பரைக்கும் பங்கு இருக்கிறது. மேலே கழுவிவிட்டதை உணர்ந்து, ஈடுகட்டுவதற்காகக் கூடுதலாகச் சுரக்கும் ஏற்பாடு எதுவும் சுரப்பியிடம் கிடையாது. அது எப்போதும்போல் தன் வேகத்தில் சுரந்துகொண்டே இருக்கிறது. கழுவிய தலையில் முடி துளி எண்ணெய் இல்லாமல் பறப்பதால், அடுத்து சேரும் எண்ணெய் நம் கண்ணுக்குச் சட்டென்று தெரிகிறது, அவ்வளவுதான். 'இரண்டு மாதம் ஷாம்பு போடாமல் இருந்து தலையைப் பழக்கு' என்று காணொளிகளில் சொல்கிறார்கள். சுரப்பியைப் பட்டினி போட்டுப் பழக்க முடியாது.

அம்மா சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் கரைந்துபோவதைக் குறைக்கிறது. அது முடிக்கு நல்லது. ஆனால் ஏற்கெனவே எண்ணெய் ஊறும் மண்டைத் தோலில் மேலும் எண்ணெயைத் தேய்ப்பதில் என்ன இலாபம்? எல்லோர் தலையிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை குடியிருக்கிறது. அதற்குக் கொழுப்புதான் சாப்பாடு. நம் தலை எண்ணெயை அது சிதைக்கும்போது வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் சிலருடைய தோலை உறுத்தும். அரிப்பும் பொடுகும் அங்கிருந்து தொடங்குகின்றன. அதனால் எண்ணெய் வேண்டுமென்றால் காது மட்டத்துக்குக் கீழே, முடியின் நீளத்தில் மட்டும் தடவி, ஒரு மணி நேரம் கழித்து அலசிவிடுங்கள். என் அம்மாயி இதைக் கேட்டால் 'உச்சியில் எண்ணெய் வைக்காத தலையும் ஒரு தலையா' என்றுதான் கேட்பார். அவரோடு வாதாடி நான் இதுவரை வென்றதில்லை. நீங்களும் முயல வேண்டாம். எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி நீங்களே தடவிக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீர். நம் ஊரில் பாதிப் பழி இதன்மேல்தான் விழ வேண்டும். மாநகராட்சிக் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரை நல்ல தண்ணீர் என்கிறோம். விடுதிகளில் குளியலறைக்கு வருவது பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர். சேலத்துக்கும் சேர்வராயன் மலை அடிவாரத்துக்கும் நடுவில், மாமாங்கம் பக்கம், வெள்ளையாகத் தோண்டிப் போட்டிருக்கும் கரடுகளைப் பார்த்திருப்பீர்கள். அது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். இப்படிப்பட்ட பாறைகளினூடே ஊறி வரும் நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். சோப்பு இந்தத் தண்ணீரைச் சந்தித்தால் நுரைக்கு முன்னால் கரையாத வெண்கசடுதான் உண்டாகும். வாளியின் உட்புறம் வழுவழுப்பாகப் படிகிறதே, அதேதான் முடியிலும் படிகிறது. குளித்து முடித்து ஈரம் காய்ந்ததும் முடி மெழுகு பூசியதுபோல் கனமாக இருந்தால், அது தலை சுரந்த எண்ணெய் அல்ல, இந்தக் கசடு.

ஒரு சின்னச் சோதனை: மூடியுள்ள பாட்டிலில் பாதி அளவு விடுதித் தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தண்ணீர் திரிந்த பால்போல் கலங்கினால் அது கடினநீர். நான் மாணவர்களுக்கு இதைச் செய்துகாட்டும்போது, பாடத்தில் தூங்குகிறவன்கூட எழுந்து 'எங்கள் வீட்டுத் தண்ணீரும் இப்படித்தான் டீச்சர்' என்பான்.

ஆகவே குளியல் சோப்பைத் தலையில் போடாதீர்கள். 'சீயக்காய் சோப்பு' என்று விற்பதும் சோப்புதான். ஷாம்புவில் இருக்கும் செயற்கை நுரைப்பான்கள் இந்த உப்புகளோடு அப்படிக் கசடாவதில்லை. கொஞ்சம் ஷாம்புவை மக்கில் தண்ணீர் கலந்து, நகம் படாமல் விரல் நுனியால் மண்டைத் தோலில் தேய்த்து, அலசி, இன்னொரு முறை போடுங்கள். முதல் முறை நுரை வராது. எண்ணெய் அதைத் தின்றுவிடும். கண்டிஷனர் முடி நுனிக்கு மட்டும். கடைசியாக ஊற்ற ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கிடைத்தால் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே கசடு படிந்த முடிக்கு, ஒரு மக் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து எப்போதாவது அலசலாம். தலையில் புண் இருந்தால் வேண்டாம். குழாயில் மாட்டும் சாதாரண வடிகட்டிகள் கடினத்தன்மையை நீக்குவதில்லை. அதில் பணத்தைப் போடாதீர்கள்.

அரப்புத் தூளைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள், நானே சொல்கிறேன். உசிலை மரத்து இலையைக் காயவைத்து அரைத்தது. இதிலும் சீயக்காயிலும் இருக்கும் சபோனின் என்ற பொருள்தான் நுரைத்து எண்ணெயைப் பிரிக்கிறது. வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் பிசுக்கு நன்றாகவே போகும். ஆனால் கரகரப்பான தூள் மண்டைத் தோலைக் கீறும், முடியிடுக்கில் தங்கி அரிக்கும். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கினாலும் சரி, வீட்டில் அரைத்தாலும் சரி, மெல்லிய துணியில் சலித்துத்தான் போடுவேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்றது. காலை எட்டு மணிக்குக் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவருக்கு ஏற்றதல்ல.

அவசரத்துக்கு நம் ஊரே ஒரு வழி வைத்திருக்கிறது. உலர் ஷாம்பு என்று டப்பாவில் விற்பதன் முக்கியச் சரக்கு எண்ணெயை உறிஞ்சும் ஸ்டார்ச். ஜவ்வரிசிக்குப் பேர்போன ஊரில் குச்சிக்கிழங்கு மாவுக்குப் பஞ்சமா? மிக நைசான மாவை ஒரு சிட்டிகை எடுத்து, உலர்ந்த முடியின் வேரில் தட்டி, சிறிது நேரம் விட்டு, நன்றாகச் சீவி உதறினால் தேர்வு நாளைச் சமாளிக்கலாம். அதிகமானால் கறுத்த முடியில் நரைபோல் தெரியும். எண்ணெய் அமுங்குமே தவிர தலை சுத்தமாகாது. மறுநாள் கட்டாயம் கழுவ வேண்டும்.

தட்டுவடை செட் சாப்பிடுவதால்தான் தலையில் எண்ணெய் வழிகிறது என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். வயிற்றுக்குப் போகும் எண்ணெய் அப்படியே உச்சந்தலை வழியாக வெளியேறுவதில்லை. சூடு அப்படியல்ல. வெப்பம் ஏறும்போது சுரப்பும் கூடுகிறது, எண்ணெயும் இளகி முடியோடு இறங்குகிறது. என் நாத்தனார் ஏற்காட்டில் இருக்கிறார், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். வாரம் இருமுறை குளித்தும் அவர் முடி பஞ்சாகப் பறக்கும். அவர் சொல்லும் குறிப்புகள் அந்தக் குளிருக்குச் சரி. 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, வெயிலில் ஹெல்மெட்டோடு அஸ்தம்பட்டி சிக்னலில் நிற்கிற தலைக்கு அவை உதவாது. ஹெல்மெட்டின் உள்துணி, சீப்பு, தலையணை உறை மூன்றையும் வாரம் ஒருமுறை துவைத்துக் கழுவுங்கள். சீப்பில் பழைய அழுக்கு இருந்தால் கழுவிய தலையில் அதையே மீண்டும் பூசுகிறீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அரிப்பு, மஞ்சள் நிறப் பிசுபிசுப்பான செதில், புருவத்திலும் மூக்கோரத்திலும் சிவப்பு என்று இருந்தால் அது செபோரிக் டெர்மடைடிஸ் என்ற தோல் அழற்சியாக இருக்கலாம். பூஞ்சையை அடக்கும் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு பொதுவாக வாரம் இருமுறை, இரண்டு முதல் நான்கு வாரம் வரை பரிந்துரைக்கப்படும். போட்டவுடன் அலசிவிட்டு 'கேட்கவில்லை' என்பவர்கள்தான் அதிகம். தோலில் 3 முதல் 5 நிமிடம் அது ஊற வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போகிறது, தாடையில் முடி முளைக்கிறது, முகப்பருவும் அடங்கவில்லை என்றால் ஷாம்புவை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று பார்த்துவிடலாம். தனியாரிடம் போக வசதியில்லை என்றால் நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. சுரப்பைக் குறைக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைத் தோழி சாப்பிட்டாள் என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கருவைக் கடுமையாகப் பாதிக்கக்கூடிய மருந்து அது, மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டியது.