புது ஸ்விட்ச், பழைய வயர்: வாங்குவோர் கேள்வி-பதில்

பழைய வீட்டு வயரிங் பற்றிப் போன முறை போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த முறைக்குப் போதும் என்றாகிவிட்டது. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். ஒன்றிரண்டில் இருந்த திட்டுகளையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: வீடு கட்டி 38 வருஷம் ஆகிறது. ரெகுலேட்டர் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன், "வயசாயிடுச்சு, மொத்த வயரிங்கையும் மாத்தணும்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். வயதை மட்டும் வைத்து முடிவு செய்யலாமா?

பதில்: வாசலில் நின்று சொன்னவரை வாசலோடு அனுப்பியிருக்கலாம். வயது சந்தேகப்பட ஒரு காரணம், அவ்வளவுதான். பைப்புக்குள் ஓடும் பிவிசி வயர், அதிக லோடு பார்க்காமல் இருந்திருந்தால் 38 வருஷத்துக்குப் பிறகும் நன்றாக இருக்கலாம். பத்தே வருஷத்தில் வெந்துபோன வயரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ரப்பர் உறை போட்டு மேலே துணி பின்னிய வயராக இருந்தால் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். ரப்பர் காய்ந்து போயிருக்கும். அசைக்காத வரை ஒட்டிக்கொண்டிருக்கும், தொட்டால் சருகு மாதிரி உதிரும்.

மெயினை அணைத்துவிட்டு இரண்டு இடங்களைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒன்று, அதிகம் புழங்கும் ஸ்விட்ச் போர்டு. இன்னொன்று, வருஷக்கணக்காகக் குண்டு பல்பு எரிந்த கூரை ஹோல்டர். பல்பின் சூடு நேராக ஏறுவது அங்கேதான் என்பதால் வயர் முதலில் சாவதும் அங்கேதான். வளைத்தால் உறை வெடிக்கிறதா, ஓரம் பழுப்பேறிவிட்டதா, எர்த் வயர் என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் மெகர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பல்பு, ஃபேன், டிவி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வயருக்கு 500 வோல்ட் டிசி கொடுத்து, உறை எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி அது. சர்வதேச ஐஇசி விதிப்படி ஒரு சர்க்யூட்டுக்குக் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். நல்ல வயரிங் அதைவிடப் பல மடங்கு காட்டும். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் என்ன எண் வந்தது என்று காகிதத்தில் எழுதி வாங்குங்கள். ஒன்றில் மட்டும் குறைவு என்றால் அதை மட்டும் மாற்றலாம். எல்லாமே குறைவு என்றால் வாசலில் நின்றவர் சொன்னது தற்செயலாகச் சரியாகிவிட்டது.

கேள்வி: ஹாலில் ஒரு பிளக் பாயிண்ட் பக்கத்தில் போனால் மீன் வாடை அடிக்கிறது. வீட்டில் யாரும் மீன் சமைப்பதில்லை. எலி செத்திருக்குமோ?

பதில்: கடிதம் எழுதும் நேரத்தில் அந்த சர்க்யூட்டை அணைத்திருக்கலாமே, அம்மா. ஸ்விட்ச், சாக்கெட் செய்யும் சிலவகை பிளாஸ்டிக் சூடேறினால் மீன் வாடைதான் அடிக்கும். இப்போதே அணையுங்கள்.

கேள்வி: புது ஏசி போட்ட நாளிலிருந்து எம்சிபி விழுந்துகொண்டே இருந்தது. 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போட்டேன். அதன்பிறகு ஒருமுறைகூட விழவில்லை. இதே தொல்லை உள்ள மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

பதில்: பயன்படும், என்ன செய்யக் கூடாது என்பதற்கு.

எம்சிபி அங்கே இருப்பது ஏசிக்காக அல்ல, சுவருக்குள் இருக்கும் வயருக்காக. வயர் தாங்காத கரண்ட் போனால் அறுத்துவிடுவது அதன் வேலை. அது கத்திக்கொண்டே இருந்தது, நீங்கள் வாயைக் கட்டிவிட்டீர்கள். கரண்ட் இரண்டு மடங்கு போனால் வயரில் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். உள்ளே ஓடுவது லைட்டுக்காகப் போட்ட 1.5 சதுர மில்லிமீட்டர் வயராக இருந்தால், இன்றைக்கு உங்கள் வீட்டில் ஃப்யூஸ் வேலையைப் பார்ப்பது அந்த வயர்தான்.

16 ஆம்பியர் எம்சிபி ஒன்றும் ரோஷக்காரப் பிறவி அல்ல. 18 ஆம்பியர் போனால்கூட ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளும். 23 ஆம்பியரைத் தாண்டினாலும் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்றுதான் அதன் தர விதியே சொல்கிறது. அதுவே விழுந்துகொண்டிருந்தது என்றால் எவ்வளவு ஏற்றியிருப்பீர்கள் என்று பாருங்கள். 16ஐத் திரும்ப மாட்டுங்கள். ஏசிக்கு மெயின் பெட்டியிலிருந்து தனியாக வயர் இழுங்கள். ஏசி வாங்கும்போது கடைக்காரரிடம் ஸ்டார் எத்தனை என்று கேட்டீர்கள் அல்லவா, எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்றும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேள்வி: "முழுவதும் ரீவயரிங் செய்தது" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பழைய வீடு ஒன்றை வாங்கினோம். பளபள ஸ்விட்சுகள், புது எம்சிபி பெட்டி. போன வாரம் ஒரு பாயிண்ட் சேர்க்கத் திறந்தபோது, போர்டுக்குள் ஒரு சாண் நீளத்துக்குத்தான் புது வயர். அதற்குப் பின்னால் துணி சுற்றிய பழைய வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். திறந்த ஐந்து போர்டிலும் இதே கதை. விற்றவர் போன் எடுப்பதில்லை. நாங்கள் ஏமாளிகளா?

பதில்: இல்லை. நீங்கள் ஏமாற்றப்பட்டவர்கள், அது வேறு. சோம்பேறித்தனத்தால் பழைய வயரை விட்டுவைத்திருந்தால் அதை அப்படியே ஸ்விட்சில் மாட்டியிருப்பார்கள். ஒரு சாண் புது வயர் சேர்த்தது, யாராவது திறந்து பார்த்தாலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை.

முதலில் எதையும் சரி செய்யாதீர்கள். ஒவ்வொரு போர்டையும் திறந்த நிலையில், அந்த முறுக்கு தெரிகிற மாதிரி, தேதியோடு படம் எடுங்கள். உங்களுக்கும் விற்றவருக்கும் சம்பந்தமில்லாத எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் மெகர் அளவோடு அறிக்கை வாங்குங்கள். அந்த விளம்பரம் இருக்கிறதா? "முழுவதும்" என்ற அந்த ஒரு சொல்தான் உங்கள் பிடி. போனை விடுங்கள், எழுத்தில் கேளுங்கள். இத்தனையையும் வைத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். அதுவரை அந்தப் பாயிண்டுகளில் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி எதுவும் வேண்டாம்.

இனி என் பழைய புலம்பல். வேண்டாதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவலாம். வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறார்கள். கதவைச் சாத்திப் பார்க்கிறார்கள். டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஸ்விட்சைப் போட்டு லைட் எரிந்தால் வயரிங் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். நாளைக்குப் பற்றி எரியப்போகிற வயரிலும் இன்றைக்கு லைட் பிரகாசமாகத்தான் எரியும்! விற்கிறவருக்கு இது தெரியும். ஸ்விட்ச் மாற்ற அரை நாள் போதும், வயர் மாற்றப் பல நாள் பிடிக்கும். வாங்குபவர் கண் எதில் நிற்குமோ அதில்தான் அவர் கை வைப்பார்.

ஒட்டு வேலையைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே வயரின் இரண்டு முனையையும் பார்க்க வேண்டும். ஸ்விட்ச் போர்டில் ஒன்றைத் திறந்து வயரின் நிறம், உறைமேல் அச்சடித்த எழுத்து இரண்டையும் பாருங்கள். அப்புறம் அதே ஸ்விட்சால் எரியும் கூரை பாயிண்டைத் திறந்து பாருங்கள். கீழே புதுச் சிவப்பு, மேலே மங்கின கறுப்பு என்றால் நடுவில் எங்கோ ஒட்டு இருக்கிறது. மேலே ஏறிப் பார்க்கச் சோம்பல்படுபவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "வயர் சுருள் வாங்கிய பில் எங்கே?" ஒரு வீடு முழுக்க வயர் மாற்றப் பல சுருள் வேண்டும். மாற்றியவரிடம் பில் இருக்கும். "அதெல்லாம் எங்கே தேடுவது" என்று சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டு, பழைய வயரிங் உள்ள வீட்டின் விலையைப் பேசுங்கள்.

கேள்வி: ரீவயரிங்குக்காக மலிவாகக் காப்பர் வயர் வாங்கினேன். வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக இருக்கிறது. கடைக்காரர் "டின் பூசிய காப்பர்" என்கிறார். நம்பலாமா?

பதில்: டின் பூசிய காப்பருக்கு வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. உங்களுடையது தலைகீழ். அது காப்பர் முலாம் போட்ட அலுமினியம். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டி அவர் எதிரிலேயே காட்டுங்கள்.

உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. நானே இரண்டு சுருள் வாங்கியவன். கையில் தூக்கும்போதே லேசாக இருந்தது. "புது டெக்னாலஜி" என்றார் கடைக்காரர், நானும் தலையாட்டினேன். அலுமினியம் ஒரே அளவில் காப்பர் கடத்துவதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் கடத்தும். அதோடு, சூட்டில் காப்பரைவிட அதிகமாக விரிந்து சுருங்கும். திருகாணிக்கு அடியில் மெல்ல மெல்லத் தளர்ந்து, தளர்ந்த இடம் சூடாகி, சூட்டில் இன்னும் தளரும். என் வீட்டில் ஒரு சாக்கெட்டின் முகம் பழுப்பான பிறகுதான் புத்தி வந்தது. இழுத்ததை எல்லாம் உருவிப்போட்டேன். நீங்கள் இன்னும் இழுக்கவில்லை, பிழைத்தீர்கள். திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: ஆர்சிசிபி ஒன்று மாட்டினால் பழைய வயரிங்கை மாற்றத் தேவையில்லை என்கிறார்களே?

பதில்: கரண்ட் வழிதவறிக் கசிந்தால் சப்ளையை அறுத்துவிடும் ஸ்விட்ச்தான் ஆர்சிசிபி. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி உங்கள் உயிரைக் காக்கலாம், கட்டாயம் மாட்டுங்கள். ஓவர்லோடும் தளர்ந்த இணைப்பும் அதன் கண்ணில் படாது. மாட்டிய அன்றே அது விழுந்துகொண்டே இருந்தால், "பீஸ் சரியில்லை" என்று கழற்ற வருபவரை விடாதீர்கள். பழைய வயரிலோ அதில் மாட்டிய பொருளிலோ கரண்ட் கசியலாம் என்பதைத்தான் அது சொல்கிறது.

கேள்வி: பிளக்கில் செருகினாலே பழைய வயரிங்கைப் பாதுகாத்து, பில்லையும் குறைக்கும் பெட்டி என்று ஒன்று விற்கிறார்களே?

பதில்: என் மேஜை டிராயரில் ஒன்று கிடக்கிறது. பிரித்துப் பார்த்தேன்: ஒரு கெபாசிட்டர், ஒரு பச்சை விளக்கு. விளக்கு நன்றாக எரிந்தது.

கேள்வி: மோட்டார் ஓடும்போது ஒரு அறையில் லைட் மங்குகிறது, இன்னொரு அறையில் வழக்கத்தைவிடப் பிரகாசமாகிறது. வோல்டேஜ் பிரச்சினை என்று ஸ்டெபிலைசர் வாங்கப் போகிறேன். எந்த அளவு வாங்கலாம்?

பதில்: வாங்காதீர்கள். மோட்டார் கிளம்பும்போது ஒரு கணம் எல்லா லைட்டும் மங்குவது சகஜம். ஒன்று மங்க, இன்னொன்று பிரகாசமானால் மெயின் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். மூன்று ஃபேஸ் வரும் வீட்டில் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 400ஐ ஒட்டிக்கூடப் போகலாம். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து உருவிவிட்டு, இன்றைக்கே மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. மூன்று ஓட்டை சாக்கெட்தான், ஆனால் எர்த் வயரே இல்லையாம். ஃபிரிட்ஜைத் தொட்டால் சுரீர் என்கிறது. வீட்டுக்காரர் ஆளை அனுப்பி சாக்கெட்டின் எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டார். இப்போது ஷாக் இல்லை. சரிதானே?

பதில்: சரியில்லை. முன்பு சுரீர் என்றதோடு போயிற்று. இப்போது எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க ஃபேஸ் வந்து நிற்கும். செருகிப் பார்க்கும் சோதனைக் கருவியில்கூட "எர்த் சரி" என்றுதான் காட்டும், அதுதான் கொடுமை. அந்தத் துண்டை எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், எர்த் போடும் வரை ஃபிரிட்ஜை அணைத்து வையுங்கள். வாடகை வாங்கிக்கொண்டு இப்படிச் செய்பவருக்கு மரியாதையாக எழுத வேண்டியதில்லை என்று தோன்றும். எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயரிங் மாற்ற எல்லாச் சுவரையும் உடைக்க வேண்டும் என்கிறார் காண்ட்ராக்டர். உண்மையா?

பதில்: வயர் பைப்புக்குள் ஓடினால் பழைய வயரின் முனையில் புதியதைக் கட்டி மறுமுனையில் இழுத்தே மாற்றலாம். அடைத்த இடத்தில் மட்டும் உடைத்தால் போதும். பைப் இல்லாமல் நேராகப் பூச்சுக்குள் புதைத்திருந்தால் அவர் சொல்வது சரி. எந்தப் பாயிண்டுக்கு எத்தனை சதுர மில்லிமீட்டர் வயர், எர்த் உண்டா, உடைத்ததைப் பூசித் தருவது யார், மூன்றும் எஸ்டிமேட்டில் எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: கழற்றிய பழைய வயரை எலக்ட்ரீஷியன் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: காப்பர் உங்களுடையது. கூலியில் கழித்துக்கொள்கிறேன் என்றால், முதலில் தராசில் வையுங்கள், அப்புறம் பேசுங்கள்.